16 பெயர் போதும்: டர்பன் இளையோர் சாக்கரில் அணிப் பட்டியலும் ஆட்ட நிமிடங்களும்

ட்ரையல் முடிந்ததும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கிளப்புக்குக் கிளப் நடக்கும் வாதம் ஒன்றுதான். எத்தனை பிள்ளைகளை எடுப்பது? கோச் 16 என்பார், பொருளாளர் 22 என்பார். மைதானத்தை விட்டு நகராமல் நிற்கும் ஒரு அப்பா, "இன்னும் ஒரு பையனைச் சேர்த்தா என்ன குறைஞ்சிடும் அண்ணா?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. குறைவது எவ்வளவு என்று நிமிடத்திலேயே பதில் சொல்லிவிடலாம்.

14 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், பாதிக்கு 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 11 பேர் 70 நிமிடம் ஆடினால் பங்கிடக் கிடைப்பது 770 நிமிடம். 16 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 48, 18 பேருக்கு 43, 22 பேருக்குச் சரியாக 35. அதாவது 22 பேர் பட்டியலில், கோச் துளிகூடப் பாரபட்சம் பார்க்காவிட்டாலும் பாதி ஆட்டத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காது.

நடைமுறையில் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. கோல்கீப்பரும் இன்னும் ஆறு பேரும் முழு நேரம் ஆடுகிறார்கள் என்றால் அங்கேயே 490 நிமிடம் போய்விடும். மிச்சம் 280. பட்டியலில் 16 பேர் இருந்தால் மீதி 9 பேருக்கு ஆளுக்கு 31 நிமிடம் வரும். 18 என்றால் 25. 22 என்றால் 19கூட வராது. மேலே இருக்கும் ஏழு பேரின் நிமிடங்களைப் பட்டியலின் நீளம் தொடுவதேயில்லை. ஒவ்வொரு புதுப் பெயரும் கீழே இருப்பவர்களின் பங்கில்தான் கை வைக்கிறது. "ஸ்குவாட் டெப்த்", அதாவது அணியில் ஆள் நிறைய, என்று பெருமையாகச் சொல்லும்போது இது கண்ணில் படுவதில்லை.

ரொம்பக் குறைத்தாலும் ஆபத்துதான். ஒரு பிள்ளை சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதற்கு 85 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், 14 பேர் பட்டியலில் ஏழு சனிக்கிழமைக்கு ஒன்றில் 11 பேர் தேறமாட்டார்கள். 16 பேர் என்றால் அது நாற்பதில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆட்ட விதிப்படி ஒரு அணியில் 7 பேருக்குக் கீழ் போனால்தான் ஆட்டம் நடக்காது. ஆனால் 9 பேரோடு மலைச்சரிவு மைதானத்தில் 70 நிமிடம் ஓடிய பிள்ளைகள் அடுத்த வாரப் பயிற்சிக்கு எப்படி வருவார்கள் என்பது கோச்சுகளுக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் பார்த்தால் எண் ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. களத்தில் ஓடும் ஒவ்வொரு இரண்டு இடத்துக்கும் மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் ஒரு கோல்கீப்பர். 7 பேர் ஆட்டத்தில் ஓடுபவர்கள் 6, ஆகவே 9 பேரும் கோல்கீப்பரும் சேர்த்து 10. 9 பேர் ஆட்டத்துக்கு 13. 11 பேர் ஆட்டத்துக்கு 16. அமெரிக்க இளையோர் சாக்கரில் 7, 9, 11 பேர் ஆட்டங்களுக்கு முறையே 12, 16, 18 என்ற எண்கள் பரவலாகப் புழங்குகின்றன, மூத்த வயதினருக்கு 22 பெயர் வரை பதியவும் இடமுண்டு. அவை உச்சவரம்பு. அதற்குமேல் போகக்கூடாது என்பதுதான் அந்த எண்ணின் வேலை. அத்தனை பேரையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இரண்டுக்கு மூன்று என்ற கணக்கின் பலன் ஆட்ட நாளில்தான் தெரியும். ஓடும் 10 இடங்களை ஐந்து ஜோடியாகப் பிரியுங்கள். இடது வலது பேக் ஒன்று, நடு டிஃபென்ஸ் இருவர் ஒன்று, நடு மிட்ஃபீல்ட் ஒன்று, இரண்டு விங் ஒன்று, ஸ்ட்ரைக்கரும் அவருக்குப் பின்னால் ஆடுபவரும் ஒன்று. ஒவ்வொரு ஜோடி இடத்துக்கும் மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டு. ஆட்டத்தை ஏறக்குறைய 17 நிமிடம் கொண்ட நான்கு பங்காக வெட்டுங்கள். மூவரையும் அ, ஆ, இ என்போம். முதல் பங்கில் அ, ஆ ஆட, இ உட்காருகிறார். இரண்டாவதில் ஆ உட்காருகிறார், மூன்றாவதில் அ. மூன்று பங்கு முடியும்போது மூவரும் ஆளுக்கு இரண்டு பங்கு, அதாவது பாதி ஆட்டம், ஆடியிருப்பார்கள். நான்காவது பங்கு கோச்சுக்குச் சொந்தம். யார் நன்றாக ஆடுகிறார், எதிரணியின் பலம் எது, ஸ்கோர் என்ன என்று பார்த்து இருவரை இறக்கலாம்.

போட்டி அணிக்கு இந்த நான்காவது பங்கு ஏற்பாடு மிக முக்கியம். சம நேரம் என்றதும் "அப்புறம் எதுக்கு லீக்கில ஆடணும்?" என்று கேட்கும் கோச்சுகள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடைசிப் பதினேழு நிமிடம் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது என்றால் அந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு. மூன்றாம் பங்கில் உட்கார்ந்தவரை நான்காவதில் இறக்கியே ஆகவேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை இடைவேளைக்குப் பிறகு களத்தையே மிதித்திருக்கமாட்டார். வீட்டில் அது பாதி ஆட்டம் ஆடிய கதையாகப் போய்ச் சேராது, "பாதியில தூக்கிட்டாங்க" என்றுதான் போய்ச் சேரும். நான்காம் பங்கில் உட்காரும் முறையை மற்ற இருவரிடையே மாற்றி, மூன்றாம் பங்கில் உட்காருபவரையும் வாரத்துக்கு வாரம் மாற்றினால், மூன்று ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் எட்டு பங்கு கிடைக்கும். 210 நிமிடத்தில் 140.

கூட்டில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் அனுபவம் வேலை செய்யும். அண்ணன் தம்பியையோ ஒரே காரில் வரும் பிள்ளைகளையோ ஒரே கூட்டில் போடவே கூடாது. அந்தக் கார் வராவிட்டால் ஒரு இடமே காலியாகிவிடும். மேலே சொன்ன 85 சதவீதக் கணக்கு, பிள்ளைகள் தனித்தனியாக வராமல் போவதாக எண்ணிப் போட்டது. உண்மையில் அவர்கள் மூன்று மூன்றாகத்தான் வராமல் போவார்கள். இடது கால் பிள்ளைகள் இருவர்தான் இருந்தால் இருவரையும் ஒரே கூட்டில் போடுங்கள், ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் இருப்பார். பலவீனமான மூவரை ஒன்றாகச் சேர்த்தால் எதிரணி கோச் பத்தாவது நிமிடத்திலேயே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றும் நேரத்தையும் சற்றுப் பிரித்து வையுங்கள். ஐந்து பேரை ஒரே நேரத்தில் மாற்றினால் அடுத்த இரண்டு நிமிடம் யார் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அணி தடுமாறும். அந்த இரண்டு நிமிடத்தில் கோல் விழுந்துவிடலாம். பின்வரிசைக் கூட்டு இரண்டையும் 15-ஆம் நிமிடத்தில் மாற்றுங்கள், முன்வரிசை மூன்றை 20-இல். எதிரணிக்குக் கார்னர் இருக்கும்போது பின்வரிசையைத் தொட வேண்டாம். த்ரோ-இன், கோல் கிக் நேரம்தான் சௌகரியம். உள்ளே போகிறவர் ஷின் கார்டு கட்டி, லேஸ் முடிந்து, ஒரு நிமிடம் முன்பே நடுக்கோட்டருகே நிற்க வேண்டும். பைக்குள் ஷின் கார்டைத் தேடுவதில் வீணாகும் நிமிடங்கள் அந்தப் பிள்ளையின் பங்கில்தான் குறையும். வெளியே வருகிறவர் பெஞ்சுப் பக்கம்தான் நடந்து வர வேண்டும் என்பதில்லை. 2019 முதல் அருகிலிருக்கும் எல்லைக்கோட்டிலேயே வெளியேற வேண்டும் என்பதுதான் விதி. ஜூலைக் குளிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கோலுக்குப் பின்னால் ஓடத் தொடங்கட்டும்.

இதெல்லாம் வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாம் என்றால்தான் நடக்கும். இளையோர் ஆட்டத்தில் அதற்கு அனுமதி தர உலக விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு நாட்டுச் சாக்கர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், அதனால் லீக்கின் விதித்தாளைச் சீசனுக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். மேல் வயதுப் பிரிவில் மாற்று ஐந்து மட்டும், போனவர் திரும்ப முடியாது என்றிருந்தாலும் இதே கூட்டு உதவும். கூட்டில் ஒருவர் முழு ஆட்டம், ஒருவர் முதல் பாதி, ஒருவர் இரண்டாம் பாதி. வாரம் மாற்றிச் சுழற்றினால் மூன்று ஆட்டத்தில் 70, 35, 35, மறுபடியும் 140. ஐந்து கூட்டுக்கு ஐந்து மாற்று. ஆனால் ஐந்தையும் இடைவேளையிலேயே செலவழித்தால் 50-ஆம் நிமிடத்தில் ஒருவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். மூன்றை இடைவேளையில் போடுங்கள், மீதி இரண்டை 50-க்கும் 55-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே விதியில் 22 பேர் பட்டியல் வைத்திருக்கும் கிளப் என்ன செய்யும்? ஆட்டத் தாளில் 18 பேர் எழுதினால் நான்கு பேர் ஜெர்சியே போடமாட்டார்கள், பெஞ்சில் இருக்கும் ஏழு பேரில் இரண்டு பேராவது களத்தை மிதிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். யார் கோச்சாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

கோல்கீப்பர் விஷயம் தனி. 12 வயது வரை பாதிக்கு ஒருவராக இருவர் நிற்கட்டும், மற்றப் பாதியில் வெளியே ஓடட்டும். அந்த வயதில் யார் கோல்கீப்பர் ஆவார் என்று யாருக்கும் தெரியாது. 14-க்கு மேல் ஒருவர்தான் நிற்பார், ஆனால் ஓடும் 15 பேரில் ஒருவர் வாரத்தில் 20 நிமிடமாவது கையுறை போட்டுப் பழக வேண்டும். உண்மையிலேயே இரண்டாவது கோல்கீப்பர் கிடைத்தால் மட்டும் பட்டியல் 17 ஆகலாம். கோல் பக்கம் போகவே விரும்பாத ஒருவரை "இரண்டாவது கோல்கீப்பர்" என்று எழுதிச் சேர்ப்பது பழைய தந்திரம்.

பட்டியல் நீளுவதற்குப் பெரும்பாலும் காரணம் பணம்தான். மைதான வாடகையும் நடுவர் கூலியும் 16 பேருக்கும் 24 பேருக்கும் ஒன்றே. ஒரு கணக்குக்கு, இப்படி மாறாத சீசன் செலவு 24,000 ராண்ட், ஆட்டம் 18 என்று வையுங்கள். 16 பேர் என்றால் ஆளுக்கு 1,500 ராண்ட், 24 பேர் என்றால் 1,000. பெற்றோருக்கு 500 மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் 16-இல் ஒரு பிள்ளைக்குச் சீசனில் சராசரி 866 நிமிடம், 24-இல் 577. இரண்டிலும் ஒரு நிமிடத்துக்கு 1 ராண்ட் 73 சென்ட். துணிக்கடையில் விலையைக் குறைத்து மீட்டரையும் குறைத்து வெட்டினால் யாராவது அதைத் தள்ளுபடி என்பார்களா? கட்டணத்தை 1,500-இலேயே வைத்து 24 பேரைச் சேர்க்கும் கிளப்புக்கு 12,000 ராண்ட் கூடுதலாக வரும். கட்ட முடியாத பிள்ளைகளை அதில் தாங்குகிறார்கள் என்றால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கட்டுகிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

பயணமும் 16 பக்கம்தான் சாய்கிறது. ஓட்டுநரோடு 16 பேர் அமரும் மினிபஸ் டாக்சியில் 13 பிள்ளைகள், கோச், உதவியாளர், பந்துப் பை எல்லாம் அடங்கும். 16 பெயரில் ஒரு சனிக்கிழமை வருவது 13 அல்லது 14தான், ஒருவரைக் காரில் ஏற்றிக்கொள்ளலாம். 18 பேர் வந்தால் இரண்டாவது டாக்சி வேண்டும், வெளியூர் ஆட்டத்துக்கு டாக்சிச் செலவு இரட்டிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வர என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

நம் ஊர்க் காலண்டரை ட்ரையலுக்கு முன்பே சுவரில் மாட்டுங்கள். பெரிய வெள்ளி வாரம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், ஜூன் பரீட்சை, ஜூலைப் பள்ளி விடுமுறை, ஆடி மாதக் கூழ் பூஜை ஞாயிறுகள், புரட்டாசிச் சனிக்கிழமைகள். லீக்கின் முடிவு ஆட்டங்கள் பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டித்தான் வரும், அதுவும் சனிக்கிழமையில். இங்கே பெரும்பாலான அணிகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஜூலுப் பிள்ளைகளும் இந்தி, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் இருப்பதால் எல்லாரும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. அதனாலேயே விரத வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூட்டில் குவியாமல் பார்த்துக்கொள்ள முடியும். விரதமிருந்து ஆடுகிற பிள்ளைக்கு இரண்டு பங்கு போதும். காலையில் ஏதாவது சாப்பிட்டுத்தான் வர வேண்டும் என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். மேட்ரிக், அதாவது பள்ளி இறுதியாண்டு, மாணவர்கள் உள்ள 19 வயது அணிக்கு மட்டும் 18 பெயர் நியாயம். செப்டம்பர் முன்தேர்வு தொடங்கியதும் அவர்களில் பாதிப்பேர் பயிற்சிக்கு வரமாட்டார்கள்.

பயிற்சிக்கும் 16 வசதி. ஜூனில் டர்பனில் 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு வந்து சேர்ந்தால் வெளிச்சத்தில் மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான். 16 பேர் என்றால் நாலுக்கு நாலாக இரண்டு சின்ன ஆட்டம், யாரும் வரிசையில் நிற்க வேண்டாம்.

எடுக்கப்படாத பிள்ளைகளை என்ன செய்வது? 28 பேரோ அதற்கு மேலோ வந்தால் இரண்டு அணி போட்டுவிடலாம், இடையில் ஆள் மாற்றிக்கொள்ள லீக் அனுமதித்தால். 12 வயதுக்குட்பட்டோரில் 26 பேர் வந்தால் 13, 13. 19-இலிருந்து 27 வரைதான் சங்கடம். 16 பேரைப் பதிந்து, மூன்று நான்கு பேரைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் பாதிக் கட்டணம் மட்டும் வாங்குங்கள், நட்பு ஆட்டங்களில் இறக்குங்கள், யாராவது விலகினால் முதலில் கூப்பிடப்படுபவர் யார் என்ற வரிசையையும் சொல்லுங்கள். அவ்வளவும் முன்பே சொல்லப்பட்டால் பெற்றோர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். "சேர்த்துட்டோம்" என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் பெஞ்சில் உட்கார வைப்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை. பதிவு செய்யும் தளத்தில் பெயரை ஏற்றும் கடைசி நாள் எது, அதற்குப் பிறகு பெயர் சேர்க்க லீக் விடுமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வாங்குமுன் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பெற்றோர் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள், அதில் தவறில்லை. அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

"இந்த அணியில் 16 பேருக்கு மேல் பதியமாட்டோம். லீக் ஆட்டத்துக்கு நேரத்தில் வந்து உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைக்குப் பாதி ஆட்டம் உறுதி. அந்த வாரத்தின் இரண்டு பயிற்சிக்கும் சொல்லாமல் வராதவர் முதல் பங்கில் உட்காருவார், ஆனால் ஆடாமல் போகமாட்டார். பரீட்சை, கோயில், வண்டி கிடைக்காதது ஆகியவற்றை முன்பே சொன்னால் கணக்கில் சேராது. கோப்பை அரையிறுதி, இறுதியில் இந்த உறுதி கிடையாது. ஆட்ட நேரம் பற்றி ஆட்ட நாளில் பேசமாட்டோம், திங்கட்கிழமை கூப்பிடுங்கள்."

இதில் கோப்பை வரி முக்கியம். அதை எழுதாமல் விட்டு இறுதியாட்டத்தில் ஐந்து பேரை உட்கார வைத்தால் சீசன் முழுக்கச் சேர்த்த நம்பிக்கை ஒரே மத்தியானத்தில் போய்விடும். திங்கட்கிழமை வரியும் வேலை செய்யும். சனிக்கிழமை கோட்டோரத்தில் கத்துகிற மாமா திங்கட்கிழமை போனில் "கோச், ஒரு சின்ன விஷயம்" என்றுதான் தொடங்குவார். டர்பன் கிளப்பான மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97-இல் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசனையே வென்றதைச் சொல்லி, பெஸ்ட் லெவன் ஆடினால்தான் ஜெயிக்க முடியும் என்று வாதாடும் பெரியவர்கள் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெருமைப்படுவது சரிதான். ஆனால் அது சம்பளம் வாங்கிய பெரியவர்களின் அணி.

கடைசியாக, நோட்டு. நினைவை நம்பவே வேண்டாம். நல்ல கோச்சுக்குக்கூடச் சத்தம் போடாத பிள்ளை எத்தனை நிமிடம் ஆடியது என்பது ஞாபகம் இருக்காது. ஸ்டாப்வாட்சும் பென்சிலும் கோச் கையில் இருக்கக்கூடாது, உதவியாளரோ ஒரு அம்மாவோ வைத்துக்கொள்ளட்டும். ஒரு வரிக்கு ஒரு பெயர், ஆட்டத்துக்கு இரண்டு கட்டம். வந்திருந்த நேரத்தில் எத்தனை நிமிடம் கிடைத்திருக்க முடியும், எத்தனை கிடைத்தது. வராத நாளை வகுக்கும் எண்ணில் சேர்க்காதீர்கள். நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்து, 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் அடுத்த ஆட்டத்தில் முதல் பங்கிலிருந்தே இறங்கட்டும்.

பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி வையுங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் போடப்படும் இடத்தில், டிசம்பர் பிள்ளை ஜனவரி பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னது. 12, 13 வயதில் அது உயரத்திலும் எடையிலும் அப்படியே தெரியும். கூட்டிப் பார்க்கும்போது குறைந்த நிமிடக்காரர்கள் எல்லாரும் அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களாக இருந்தால், கோச் இதுவரை உயரம் பார்த்துத்தான் ஆள் இறக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை அடுத்த மாதம் விங்கிலும் நடு மிட்ஃபீல்டிலும் போட்டுப் பாருங்கள். சீசன் முடிந்து மறுபதிவுத் தாள் கொடுக்கும் அன்றே அந்த நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள், அவரவர் பிள்ளையின் வரி மட்டும்.